மொட்டை மாடியில் வெயில் காய்ந்த பைப்புத் துண்டுகள்

என் தங்க அக்காவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கல்யாணமாகி நீ நம் ஊர் மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்தபோதுகூட ஒரு கார்டு போட்டதில்லை. பஸ் ஏறி நேராக உன் வாசலில் வந்து நின்றேன். அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. பக்கத்திலேயே இருந்தவளுக்கு எதற்குக் கடிதம்?

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு வருடா வருடம் என் கடை விளம்பரம் கேட்டு வருவார்கள். இந்த வருடம், "ஒரு பக்கம் எழுதியும் குடுங்க" என்றார்கள். பம்பு செட்டும் பைப்பும் விற்கிறவன் என்னத்தை எழுதுவான்? உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று நாலு வருடமாக என் தொண்டையில் நிற்கிறது. அதையே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் ரேவதி இஞ்சினியரிங் கடைசி வருடத்தில் இருக்கிறாள். நம் மைசூரிலேயே. என்ன படிப்பு என்று கேட்காதே, அதற்குத்தான் வருகிறேன்.

நீ கண்ணை மூடியபோது அவள் பத்தாவது. அதற்குப் பிறகு பி.யூ.சி. இரண்டாம் வருடம் அவள் வாங்கிய மார்க் ஷீட்டை மச்சான் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஃபெயில் இல்லை. கொண்டாடும்படியும் இல்லை. என் கடைப் பாஷையில் சொன்னால் நடுத்தர ரகம். இஞ்சினியரிங் நுழைவுத் தேர்வில் வந்த ரேங்க்கை அவள் வாசித்தபோது, யாருடைய டெலிபோன் நம்பரையோ சொல்கிறாள் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

மார்க் குறைந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அக்கா. நீ போன பிறகு லீவு நாட்களில் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். சும்மா உட்காருகிற பிள்ளையா அது? தேவராஜ மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரனிடம்கூட "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டு அவனைத் தலையில் கைவைக்க வைத்தவள் நீ. உன் அச்சு அப்படியே. ஆறு மாதத்தில் நம் ஊர்ப்பக்கத்து ஹனூர், கொள்ளேகால் விவசாயிகள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அந்தப் பாப்பா இல்லைங்களா? அதுகிட்டயே கேட்டுக்கறனுங்க" என்பார்கள். இருபது வருடமாகக் கடை நடத்துகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்!

ஒரு நாள் ஹனூர்க்காரர் ஒருவர் உடைந்த பைப்போடு வந்தார். "வெயில்ல கெடந்த பைப்புங்க. கையில அமுக்குனா முறுக்காட்ட ஒடியுது" என்று என் மேஜை மேலேயே ஒடித்துக் காட்டினார். நான் வழக்கம்போல வேறு பைப்பு கொடுத்து, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வியாபாரி செய்ய வேண்டியது அவ்வளவுதான். ரேவதி விடவில்லை. அடுத்த வாரம் வந்த கம்பெனி ரெப்பிடம், "சாம்பல் கலர் பைப்பு வெயில்ல ஒடியுது, கறுப்பு பைப்பு ஏன் ஒடியல?" என்று பிடித்துக்கொண்டாள். அவன் டையைச் சரிசெய்துகொண்டு, "அதெல்லாம் பாலிமர் மேட்டர் மேடம், ஃபேக்டரிலதான் கேக்கணும்" என்று நழுவினான்.

ஃபேக்டரிக்கே எழுதிவிட்டாள். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், ஒவ்வொரு கம்பெனி பைப்பிலும் ஒரு சாண் வெட்டி, பெயிண்டில் தேதி எழுதி, கடையின் மொட்டை மாடியில் பரப்பி வைத்தாள். வடகம் காயப் போட்ட மாதிரி வரிசையாக. மாதம் ஒருமுறை ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்தபோது, மாடியில் கிடந்த குப்பை என்று எல்லாவற்றையும் பழைய பிளாஸ்டிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அவள் வந்து பார்த்தாளே ஒரு பார்வை! "மாமா, ஒரு வருஷ வெயில எடுத்துக் குடுத்துட்டீங்களே!"

"போனா போவுது, மைசூர்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்றேன்.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அக்ரஹாரத்துச் சர்க்கிள் பக்கம் அந்த வண்டியை மறித்து, மூட்டையைத் தெருவிலேயே கொட்டி, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வண்டிக்காரன் அவளோடேயே திரும்பி வந்து என்னிடம் கேட்டான்: "ஏன் சார், பாப்பாவுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?" பிறகு ஃபேக்டரியிலிருந்து பதில் வந்தது, இரண்டு பக்கம். கறுப்பு பைப்பில் கரிப்பொடி கலக்கிறார்களாம். வெயிலை அது தன் மேல் வாங்கிக்கொண்டு பைப்பைக் காப்பாற்றுகிறதாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி அந்தக் காகிதத்தைக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் நீட்டினாள். பரீட்சைக்கு அப்போது நாலைந்து மாதம்தான் இருந்தது. மார்க் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா?

அந்த வருடம் மைசூரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: கம்ப்யூட்டர். பால்காரர்கூட அதைத்தான் சொன்னார். ரேவதி ரேங்க்குக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமானால் கர்நாடகத்தின் வடகோடியில் பீதர் பக்கம்தான் போக வேண்டும் என்றார்கள். மச்சான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலேயே வாழ்நாளைக் கழித்தவர், தூரம் தெரிந்தவர். "அங்கிருந்து ஊட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள லீவே முடிஞ்சிரும், மாப்ளே" என்றார். சீட் சரியாக அமையாவிட்டால் என்ன செய்வது? பி.காம்.மில் சேர்ந்துவிட்டு மற்ற நேரம் என் கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். அவளிடம் கேட்கவில்லை. அவள் எங்களிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை; பிராஸ்பெக்டஸை மட்டும் தலைகாணிக்கு அடியில் வைத்திருந்தாள்.

கவுன்சலிங்குக்குப் பெங்களூர் போக வேண்டும். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் நான் போனேன்.

ரயிலில் போகும்போதே அவளுக்கு என் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ரொம்ப வேண்டிய சரக்கு எதிரில் இருந்தால் நான் அதைப் பார்க்கவே மாட்டேன், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பேன். எதிராளி தானாக இறங்கி வருவான். இருபது வருடமாக இப்படித்தான் கொள்முதல். "ஆசைய மொகத்துல காட்டாத, கண்ணு. மொதல் ரவுண்டுல அவசரப்பட்டு எடுக்கறவன் ஏமாளி. டாக்டருக்குப் போறவங்க விடற சீட்டு நெறைய இருக்கும். அடுத்த ரவுண்டுல நல்லதா விழும்" என்றேன்.

"விழலன்னா?"

"விழும்ங்கறேன்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரிய ஹால். முன்னால் டி.வி. பெட்டிகள். எந்தக் காலேஜில் எந்தப் படிப்பில் எத்தனை சீட் பாக்கி என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவர் எடுத்ததும் எண் ஒன்று குறையும். மஞ்சள் மண்டி ஏலம் பார்த்தவன் நான். எனக்கு அது ரொம்பப் பழகிய இடம் மாதிரியே இருந்தது. மைசூர் வரிசையில் கம்ப்யூட்டர் எப்போதோ காலி. எலெக்ட்ரானிக்ஸ் காலி, மெக்கானிக்கல் காலி. யாரும் தொடாமல் ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது: பாலிமர், பைப்பு செய்கிற பிளாஸ்டிக் பற்றிய படிப்பு. மூன்று சீட். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இரண்டு. ரேவதியின் எண்ணைக் கூப்பிட்டபோது ஒன்று.

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீசர் கன்னடத்தில், "யாவுது பேக்கம்மா?" என்றார். எது வேண்டும் என்று.

உன் மகள் நான் சொல்லிக் கொடுத்தபடியே ஃபேனைப் பார்த்தாள்.

அவர் கொஞ்சம் பொறுத்தார். "பேக்கோ, பேடவோ? ஹேளம்மா." வேண்டுமா வேண்டாமா, சொல்லம்மா. இவள் மறுபடியும் ஃபேன். அவரும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார், அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வியாபாரி புத்தி எவ்வளவு பெரிய புத்தி பார்! டி.வி. பெட்டியிடம் போய் யாராவது முகத்தை மறைப்பார்களா? அது இறங்கி வருமா?

அப்போது நான் வாயைத் திறந்தேன். "பேட சார். நெக்ஸ்ட் ரவுண்டுக்கு பர்த்தீவி" என்றேன். வேண்டாம், அடுத்த ரவுண்டுக்கு வருகிறோம்.

அக்கா, தொண்டையில் நின்றது இதுதான். அந்த ஒரே ஒரு பாலிமர் சீட் டி.வி.யில் இருந்ததை நான் பார்த்தேன். பைப்பு என்றால் இவளுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேண்டாம் என்றேன். அடுத்த ரவுண்டில் நல்லது விழும் என்பது பாதி நம்பிக்கை. மீதிப் பாதி என்ன? ஒன்றும் விழாவிட்டால் இவள் என் கடையிலேயே இருப்பாள் என்கிற கணக்கு. மூன்று சேல்ஸ்மேனுக்குச் சமமான பிள்ளை. பாசம் என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். அதற்குள் அந்தக் கணக்கு புகுந்து உட்கார்ந்திருந்தது.

ஃபேனிலிருந்து அவள் கண் இறங்கியது. "பேக்கு சார்! மைசூர், பாலிமர்!" ஹாலே திரும்பிப் பார்த்தது. என் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே, "சும்னிருங்க மாமா" என்றாள். கன்னடமும் தமிழும் கலந்து, சும்மா இருங்கள் என்று.

ஆபீசருக்குச் சிரிப்பு. "சீட் யாரிகம்மா, நினகா அவரிகா?" சீட் உனக்கா, அவருக்கா?

"நனகே சார்." எனக்குத்தான்.

டி.வி.யில் அந்த ஒன்று மறைந்து பூஜ்யம் ஆனது. நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? என் காதைப் பிடித்து வெளியே இழுத்துப் போயிருப்பாயா? இல்லை, நீயும் சிரித்திருப்பாயா?

திரும்பி வரும்போது ராமநகரம் வரைக்கும் அவள் சீட் கிடைத்த காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அந்த ஒரு சீட் இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதில்ல?"

எத்தனையோ சேல்ஸ் டாக்ஸ் ஆபீசர்களுக்கு அசராமல் பதில் சொன்னவன் நான். "கண்ணாடி கொண்டாரல, கண்ணு. ஒண்ணும் தெரியல" என்றேன்.

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். கண்ணாடி அதில்தான் இருந்தது. மத்தூரில் வடை வந்தது. ஒன்று வாங்கிப் பிட்டு, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள்.

சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? "பிளாஸ்டிக் பக்கெட் செய்யறதுக்கா காலேஜு?" என்றார்கள். மச்சான்தான் வாயை அடைத்தார்: "நான் ரயில் பொட்டி செய்யறேன், அவ பக்கெட்டு செய்யட்டும். உங்களுக்கு ஒண்ணு குடுத்து அனுப்பறோம்." நீ போன பிறகு அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இப்போது கடைக்கு நீ வந்தால் அடையாளம் தெரியாது. பைப்புகளுக்கு மேலே ஷீட் போட்டுவிட்டேன், அவள் உத்தரவு. யார் பைப்பு வாங்கினாலும், "மண்ணுல பொதச்சிருங்க, வெயில்ல போடாதீங்க" என்று நானே பாலிமர் பாடம் நடத்துகிறேன். "பாப்பா சொன்னதுங்களா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் நம்புகிறார்கள். மாடியில் இன்னும் அந்தத் துண்டுகள் இருக்கின்றன. நான் தொடுவதில்லை.

கடைசியாக ஒரு சேதி. போன வாரம் பரோடாவிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. பைப்பு செய்கிற கம்பெனி. படிப்பு முடிந்ததும் ட்ரெய்னியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் மேப்பில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "பீதரே பக்கம் போலிருக்கே, மாப்ளே. நீ என்ன சொல்றே?" என்றார். ரேவதியும் என்னைப் பார்த்தாள்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அக்கா. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "கேள்வி அவளுக்கு வந்தது மச்சான், அவளையே கேளுங்க" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படியே உன் சிரிப்பு.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவளுக்கு வருகிற எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன். அவள் "பேக்கு" என்றால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்னால் நடப்பேன். "பேட" என்றாலும் அது அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவள் போன பிறகு கடையில் கொஞ்ச நாள் ஆள் திண்டாட்டம்தான். இருக்கட்டும்.

இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதும்,
உன் தம்பி, ரேவதியின் தாய்மாமன்
பழனிச்சாமி