அழித்த வட்டம்

நாளை பார்ச்சு, வந்துவிடு என்று உன் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கும் நாள். உனக்கும் ஓர் இலை உண்டு. சேதி வந்தபோது நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி தப்பாகப் போட்ட கணக்கை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த புதிது. நாடே 'முடியும், முடியும்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த காலம். நம் ஊர் காஜா பெராங்கிலிருந்து நாம் இருவரும் சிங்கப்பூருக்குப் படிக்கப் போனோம். விடுதியில் ஒரே அறை. தலைமுறைகளாக வீட்டில் மலாயே பேசும் கம்போங் செட்டிப் பெண்ணான உனக்குத் தமிழ் வராது. உன் மலாய் எனக்குப் பாதிதான் புரியும். அதை வைத்துக்கொண்டே சண்டையும் போட்டோம். எதற்கெடுத்தாலும் "தாக் அப்பா லா" என்பாய், பரவாயில்லை என்று. இருமினாலும் அதேதான். கைக்குட்டையை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டாய்.

மாணவர்களின் ஊக்கத்தையும் தன்னம்பிக்கையையும் அளக்கப் போகிறேன் என்று விரிவுரையாளர் ஒருவர் படிவம் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். குறைவாகப் போட்டவர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுவாராம். விடுதியில் தாள்களைச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது.

உன் தாளில் எல்லாம் நான்கு. 'அடுத்த ஆண்டும் இங்கே படித்துக்கொண்டிருப்பேன்' என்ற வரிக்கு மட்டும் ஒன்று.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. வரப்போவதை வாய்விட்டுச் சொன்னால் கண் படும் என்று உன் வீட்டிலும் சொல்வார்கள், என் வீட்டிலும் சொல்வார்கள். பள்ளியில் பரீட்சை எழுதிவிட்டு வந்து, தேறுவேன் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த விரிவுரையாளருக்கு இது எங்கே புரியப் போகிறது? உன் உபகாரச் சம்பளத்துக்கு ஆபத்து வருமே என்று பயந்தேன். அந்த வட்டத்தை அழித்துவிட்டு ஐந்தைச் சுற்றினேன்.

மாலையில் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் அவர் என்னைக் கூப்பிட மாட்டாரா என்று கேட்டாய். மாட்டார், பயப்படாதே என்றேன். கைக்குட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாய்.

"தாக் அப்பா லா."

அந்த வருஷக் கடைசியில் டாக்டரிடம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது காசநோய் இரண்டு நுரையீரலையும் தின்றிருந்தது. சில மாதங்கள் முன்னால் வந்திருந்தால் மருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

படையல் முடிந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்பார்கள், அவள் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லையா என்று. வருஷா வருஷம் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லி வாய் பழகிவிட்டது. நாளையும் கேட்பார்கள்.