பிளாக்கியோட பாய்

ஏங்க,

தெலுக் இந்தான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயந்தரம் வாரேன். சார்டின் கறி அடுப்பு மேல இருக்கு.

பக்கத்து வீட்டு ரொகாயா மக்சிக் மத்தியானம் நம்ம முறுக்குத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வருவாங்க. போன தடவை பிளாக்கி தாவி அவங்க கைய நக்கிடுச்சு. பாவம், வீட்டுக்குப் போய் அவங்க மார்க்கப்படி மண்ணு கரைச்சுக் கழுவினாங்க. அதுலேர்ந்து கேட்டோட நின்னுடுறாங்க. நீங்க என்னடான்னா, "நாய் சும்மா விளையாடுதுலா"ன்னு சிரிச்சீங்க.

இப்ப கேட் சத்தம் கேட்டா பாயில போய் உட்கார அதைப் பழக்கி வச்சிருக்கேன். மக்சிக் உள்ள வந்து உட்காருற வரைக்கும் அதைக் கூப்பிடாதீங்க, கொஞ்சாதீங்க. அமைதியா இருந்தா அப்புறமா ஒரு பிஸ்கட் கொடுங்க. வேலை விட்டு வந்ததும் கேட்லயே அதைத் தூக்கி நீங்க ஆடுற ஆட்டத்துலதான் எல்லாம் கெடுது.

குமுதா

கறியில உப்பு கம்மி. பார்த்துப் போட்டுக்குங்க.

நேத்து நாம ரெண்டு பேரும் சத்தம் போட்டப்ப பிளாக்கியைப் பார்த்தீங்களா? யாரும் சொல்லாமலே பாயில போய் உட்கார்ந்துச்சு. நாம ஓயுற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.