‘வலி இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா கோபத்தோடு எழுதுவது. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடிதம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படி. படிக்கும்போது உனக்கு ஆத்திரம் வந்தால் வரட்டும். எனக்கு வந்ததில் கால்வாசிகூட இருக்காது.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. கடையில் வெட்டுப்பட்ட அப்பாவின் வலது கைக்கு அவர்கள் போட்டிருக்கும் விலையை எழுதவே எனக்குக் கூசுகிறது. அப்பா வேலை பார்த்த கண்ணாடிக் கடையின் முதலாளி போன மாதம் புதிதாக ஒரு வண்டி வாங்கினாரே, அதன் விலையில் பாதிகூடத் தேறாது. வக்கீலம்மா அதை வாசித்துக் காட்டியதும் உன் அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, “பரவாயில்லையே, நல்லாத்தானே குடுக்கறாங்க” என்றார். அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மூன்றாம் மனுஷி முன்னால் வேண்டாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று வக்கீலம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, அதில் யாரும் கைவைக்க முடியாது. அதற்கு மேல், இந்தக் கை நன்றாக இருந்திருந்தால் ஓய்வு பெறும் வயதுவரை எவ்வளவு சம்பாதித்திருப்பார், இப்போது எவ்வளவு முடியும் என்று ஒரு கழித்தல். கடைசியாக வலி, வேதனை, முன்பு தானாகச் செய்ததை இன்று செய்ய முடியாத நிலை. இதற்கு ரசீது கிடையாது. அப்பா வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. கம்பெனிக்காரன் அங்கேதான் பிடித்துக்கொண்டான். உட்கார்ந்து போன் எடுக்கிற வேலைக்குப் போகலாமே என்று கழித்தலில் பாதியைக் கழித்துவிட்டான். வலி என்ற இடத்தில், இல்லை என்று அவரே சொன்னார் என எழுதிவிட்டான்.

அவரே சொன்னார் என்பது உண்மைதான். அதனால்தான் என் வயிறு எரிகிறது.

கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்த அன்று நடந்ததைக் கேள். இஸ்திரி கலையாத சட்டை, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேச்சு. உன் அப்பா சம்பந்தி வந்துவிட்ட மாதிரி துள்ளி எழுந்தார். நாற்காலியை முழங்கையாலேயே இழுத்துப் போட்டார். டீ நான் போடுகிறேன் என்றால், நீ உட்காரு என்று கண்ணாலேயே அதட்டிவிட்டு அவரே போட்டார். கெட்டிலை இடது கையால் தூக்கி, வலது கை விரல்களை அதன் வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டார். அந்த விரல்களுக்குச் சூடு தெரியாது என்பது உனக்குத் தெரியுமா? தோல் சிவந்து கொப்புளம் கிளம்புகிறது, இவர் சர்க்கரை போதுமா சார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கை எப்படி இருக்கிறது என்று அந்த ஆள் கேட்டார். “நல்லா இருக்கேன் சார், பழகிடுச்சு.” வலி உண்டா என்றார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்.” சட்டைப் பித்தானெல்லாம் போட முடிகிறதா என்றார். “இதோ போட்டிருக்கேனே சார்.” அந்தப் பித்தானைக் காலையில் போட்டுவிட்டவள் நான். நான் சொல்ல வாயெடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லக் கூடாதாம். அந்த ஆள் டீ பிரமாதம் என்று பாராட்டிவிட்டு எழுதிக்கொண்டு போனார். அவர் போனதும் கொப்புளத்துக்கு மருந்து தடவியபடி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

விரலுக்குச் சூடுதான் தெரியாது, வலி நன்றாகவே தெரிகிறது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை சுண்டி இழுக்கும்போது குளியலறைக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறார். முனகுவது எனக்குக் கேட்கக் கூடாதாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குக் குழாய்ச் சத்தத்துக்கும் புருஷன் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

இப்போது உன்னிடம் வருகிறேன். கம்பெனிக்காரன் உனக்கும் போன் செய்திருக்கிறான். அப்பா நன்றாக இருக்கிறார், வீட்டு வேலைகூடப் பார்க்கிறார் என்று நீ சொன்னாயாம். பெற்ற மகனே கூறியுள்ளார் என்று காகிதத்தில் தனியாக ஒரு வரி போட்டிருக்கிறான். அப்பா சொன்னதைத்தானே சொன்னேன் என்பாய். வாரா வாரம் போனில் எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்கிறாய், அவர் ஒரு பதில் சொல்கிறார், அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் பந்தாட்டத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். போன தடவை நீ வந்திருந்த இரண்டு நாளும் அவர் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. என்னப்பா புது ஸ்டைலா இருக்கு என்று நீ கிண்டல் செய்தாய். அவரும் சிரித்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு உங்கள் இருவரையும் சபித்துக்கொண்டிருந்தேன்.

போகட்டும். நேற்று நெட்டை மாமா வந்திருந்தார். கடையில் எப்போதும் பெரிய கண்ணாடிகளை அப்பாவோடு சேர்ந்து தூக்குகிறவர். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பின்வாசல் வழியாக வந்தார். அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் என்னிடம் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டாம். இரண்டு பேர் ஒரு கண்ணாடியைத் தூக்கிப் போகும்போது ஒருவன் கையில் வெட்டுப்பட்டால் கத்தக் கூடாது. கத்தினால் மறுமுனையில் இருப்பவன் கை நடுங்கும், கண்ணாடி இரண்டு பேர் மேலும் சரியும். அதனால் சாதாரணக் குரலில் இறக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கண்ணாடியைப் பிடித்திருந்த சட்டத்தின் கவ்வி கழன்று, கண்ணாடி வழுக்கி, விளிம்பு அப்பாவின் மணிக்கட்டில் இறங்கியிருக்கிறது. அந்தக் கவ்வி உடைந்திருப்பதை இருவரும் முன்பே சொல்லியிருந்தார்களாம், முதலாளி அப்புறம் பார்க்கலாம் என்றாராம். அப்பா கண்ணாடியை விடவில்லை. “மெதுவா இறக்கலாம்ப்பா” என்றாராம். தரையில் சாய்த்து வைத்த பிறகுதான் நெட்டை மாமா ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். வேலை போனாலும் போகட்டும், வந்து சாட்சி சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா திரும்பி வந்ததும் நான் விடவில்லை. வரும் வியாழக்கிழமை மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே சொல்வதை வைத்துத்தான் கடைசித் தொகை. அங்கேயும் ஒன்றுமில்லை என்றால் வாழ்நாள் முழுக்க ஒன்றுமில்லைதான் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். உள்ளதைச் சொல்வதற்கு என்ன கேடு, யாரிடம் பிச்சை கேட்கிறீர்கள் என்று கேட்டேன். வாங்கி வந்த மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு, “எழுதிட்டாங்கன்னா பையனுக்குத் தெரிஞ்சிடும். படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவான்” என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் என்ன ஆனது என்று தெரியவில்லை. கம்பெனிக்காரன் மேலும் முதலாளி மேலும் இருப்பது அப்படியே இருக்கிறது, அது இருக்கட்டும்.

உன்னை வரச் சொல்லி நான் எழுதவில்லை. பரீட்சையை விட்டுவிட்டு வந்தாயானால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். நீ கம்பெனிக்குச் சொன்னது தெரியாமல் சொன்னது என்று வக்கீலம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிப்போடு. பிறகு புதன்கிழமை அப்பாவுக்குப் போன் செய். எல்லாம் தெரியும் என்று சொல். அழாதே. குரல் உடையக் கூடாது. ஒழுங்காகப் படிக்கிறேன், சாப்பிடுகிறேன், நீங்கள் நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் அப்பா என்று சொல்.

மறுமுனையில் நீ நிற்கிறாய் என்றுதான் அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். உன் கை நடுங்காது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, கண்ணே. எங்காவது வலித்தால் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா