கொதிக்கும் தொட்டியில் ஊற்றிய நொதி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாடிப்படி ஏறாதே.

சாயப்பட்டறைக் கழிவுநீரில் நொதி கலந்து நிறத்தை எடுப்பதுதான் என் வேலை என்று சொன்னேன் அல்லவா? பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். ஆறவைத்து ஊற்றினால் வேலை செய்யும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் செத்துவிடும். உனக்குத் தெரிந்த இது எங்கள் மேனேஜருக்குத் தெரியாது.

போன வாரம் துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். தொட்டியில் ஆவி பறந்தது. "ஆறட்டும் சார்" என்றேன்.

"சூடா இருந்தா சீக்கிரம் வேலை செய்யும்யா, எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று நொதிக் கேனைப் பிடுங்கி அவரே கவிழ்த்தார். தண்ணீர் ரத்தச் சிவப்பாகவே நின்றது. மகா புத்திசாலி அசரவில்லை. நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, சுத்தமாக்கிய தண்ணீர் இதுதான் என்று அவர்களிடம் நீட்டினார். "குடிக்கவே குடிக்கலாம் சார்!" என்று ஒரு மடக்கு குடித்தும் காட்டினார். வந்த மேதாவிகள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து கொதிக்கும்போதே ஊற்றுவதுதான் இங்கே சட்டம். சிவப்புத் தண்ணீர் அப்படியே எங்கள் அறைகளுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி ஓடுகிறது.

கவலைப்படாதே, குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். போனில் பேசும்போது குக்கர் விசிலடித்தால் இணைப்பைத் துண்டிக்காதே, அந்தச் சத்தமாவது கேட்கட்டும். ஷிப்ட் வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், முடிக்கிறேன்.

அடுத்த வாரம் இங்கே வரும் மாமாவிடம் வெள்ளைத் துண்டு கொடுத்தனுப்பாதே, சிவப்பாகவே வாங்கிக் கொடு. இங்கே துவைத்தால் எப்படியும் அந்த நிறத்துக்குத்தான் வருகிறது.

உன் மகன்