ஏலக்காய்ப் படலத்தில் சுற்றிய கோழி

இன்று காலை, எனக்கு வராத ஒரு வாசனையால் உன்னை நினைத்துக்கொண்டேன்.

பாக்கிங் அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் கோழித் துண்டுகளைச் சுற்றும் பிலிம் சுருளின் உறையைக் கிழித்ததும், "ஐயோ, என்னா மணம்! பாயசம் வச்ச மாதிரி இருக்கே சேச்சி" என்றாள். சுற்றி நின்றவர்கள் மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அறையின் குளிரும் தரை கழுவிய குளோரினும்தான் தெரிந்தன. முன்பென்றால் உன் முகத்தைத் திரும்பிப் பார்த்திருப்பேன். நீ விரல் காட்டுவாய். ஒரு விரல் என்றால் லேசான வாசம், மூன்று என்றால் தாங்காது. இன்று திரும்பிய இடத்தில் குளிரறையின் கதவு இருந்தது.

ஹாஸ்டலில் நான் பெட்டியைத் திறந்த முதல் நாளே நீ கேட்டது அதைத்தான். "ஏ புள்ள, உன்ற பெட்டிக்குள்ள யாரு பாயசம் வெச்சுக் குடுத்தாங்க?" மலைமேல் சக்குபள்ளத்தில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தை ஒட்டியே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. அப்பாவுக்கு வேலை அங்கேதான். எங்கள் துணியிலும் போர்வையிலும் ஜெபப் புத்தகத்திலும் அந்த மணம் ஏறியிருக்கும் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு அது வெறும் காற்று. வெட்கத்தில் அன்றே எல்லாத் துணியையும் இரண்டு முறை துவைத்துப் போட்டேன். கொடியில் கிடந்த என் சுடிதாரை முகர்ந்து பார்த்து, "இன்னும் போகல. எதுக்கு இந்தத் தேய் தேய்க்கறே? நல்லாத்தான இருக்குது" என்றாய். அந்தக் கல்லூரியில் ஒருவர் தானாக வந்து என்னிடம் பேசியது அதுதான் முதல்.

எம்.எஸ்சி. கடைசி வருடப் புராஜெக்டில் நம் இருவரையும் ஒரே மேசையில் போட்டார்கள். வேகவைத்துத் துண்டாக்கிய கோழியை, பிரித்ததும் அப்படியே சாப்பிடும்படி விற்கிறார்களே, அதில் குளிர்பெட்டிக்குள்ளும் வளரும் கிருமி உண்டு. அதை அடக்க மருந்துப் பொடி வேண்டாம், சுற்றுகிற படலமே காவலாக இருக்கட்டும் என்பது யோசனை. இறால் ஓட்டிலிருந்து எடுத்த மாவை அமிலத்தில் கரைத்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி உலர்த்தினால் கண்ணாடி போல ஒரு தாள் உரிந்து வரும். அதில் ஏலக்காய் எண்ணெய் சேர்க்கலாம் என்றவள் நான். வகுப்பில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே யோசனை. அதைச் சொல்வதற்கும் உன் முழங்கை என் விலாவில் இடிக்க வேண்டியிருந்தது.

எண்ணெயின் அளவை நான்தான் முடிவு செய்தேன், முகர்ந்து பார்த்து. நீ அந்த வாரம் அறுவடைக்காக ஊட்டுக்குப் போயிருந்தாய். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டேன். ருசி பார்க்க வந்த எட்டுப் பேரும் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் மலையாளி மிஸ் மட்டும், "இது சிக்கனோ, பிரதமன் பாயசமோ?" என்று கேட்டார். ஊரிலிருந்து திரும்பியிருந்த நீ தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் குனிந்தாய்.

"உன்ற மூக்கு செத்துப்போச்சா புள்ள?"

"எனக்கு ஒண்ணுமே அடிக்கலட்டி."

"அடிக்கலட்டியாம்! நெசமாவே தெரியலையா?"

என் 'ட்டி'யை நீ ஒரு நாளும் கேலி செய்யாமல் விட்டதில்லை. ஆனால் அன்று பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு முகர்வது உன் வேலை, ஊற்றுவது என் வேலை. நீ சொன்ன அளவுக்கு எண்ணெயைக் குறைத்தால் கிருமி சீக்கிரம் எழுந்தது. கூட்டினால் கோழி பாயசமானது. நடுவில் ஓர் அளவில் வந்து நின்றோம். சும்மா பிளாஸ்டிக்கில் சுற்றிய துண்டைவிட நம் துண்டு பல நாள் தாங்கியது. நான் மகிழ்ச்சியில் அறிக்கையில் 'கிருமியைத் தடுக்கிறது' என்று எழுதினேன். நீ பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டு, 'கிருமி பெருகுவதைத் தாமதப்படுத்துகிறது' என்று எழுதினாய். "இல்லாததை எழுதாத. கொறையுதே தவிர, போறதில்ல."

அடுத்த வருடம் நான் அதே ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நீ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய். ரத்தப் புற்று என்று உன் அம்மா போனில் சொன்னபோது, நான் தட்டில் படலம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை முழுதாக ஊற்றி முடித்துவிட்டுத்தான் அழுதேன். அது ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் வாளையார் எல்லை வழியாக பஸ்ஸில் வருவேன். முகக்கவசம் போட்டு, கை கழுவி, உன் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி உட்கார வேண்டும். மருந்தில் உன் நாக்கும் மூக்கும் மரத்துப்போயிருந்தன. "இப்ப எனக்கும் உன்ற மூக்குதான்டி" என்று சிரித்தாய். சூடான சோற்றின் ஆவி பட்டாலே குமட்டியது. நான்கு நாட்களாக எதுவும் இறங்காதிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அதைக் கேட்டாய்.

"நம்ம கோழி கொண்டா. பிலிம்ல சுத்துனது. சில்லுனு ஒரே துண்டு. அதாச்சும் மணக்குதான்னு பாக்கோணும்."

உன் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாத நாட்கள் அவை. சூடாக்காத, எடுத்துவைத்த கறி உனக்கு ஆகவே ஆகாது. எந்தக் கிருமிக்காக நாம் ஒரு வருடம் தட்டு தட்டாக எண்ணினோமோ, அது உன்னைப் போன்றவர்களைத்தான் முதலில் பிடிக்கும். உனக்கும் தெரியும்.

"ஆவி பறக்கச் சூடு பண்ணிக் கொண்டாறேன்" என்றேன்.

"சூடு பண்ணுனா வாசம் ஓடிரும். அப்பறம் எதுக்கு?"

"வேண்டாம்ட்டி. கொறையுதே தவிர, போறதில்ல. நீ சொன்னதுதான்."

"சொன்னவளுக்குப் பசிக்குதுடி."

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு துண்டுதான கண்ணு. அவளாக் கேக்கறா. நாலு நாளாச்சு வாய் தொறந்து கேட்டு."

அதுவரை யாரிடமும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஹாஸ்டலில் என் முறையில்லாத நாளிலும் அறையைக் கூட்டியவள். அன்று உங்கள் இருவரிடமும் சொன்னேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பஸ் நேரம் வரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதன் பிறகு மூன்று முறை வந்தேன். ஹாஸ்டல் வார்டனைப் பற்றிப் பேசினோம், உன் தோட்டத்துத் தென்னைகளைப் பற்றிப் பேசினோம். கோழியைப் பற்றி நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான்காம் முறைக்கு முன்பே எங்கிருந்தோ ஒரு காய்ச்சல் வந்து இரண்டு நாளில் உன்னைக் கொண்டுபோனது. எதிலிருந்து வந்தது என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை. உன் ஊட்டு வாசலில் உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, காதோரம் மெதுவாகச் சொன்னார்கள். "அந்த ஒரு துண்டக் குடுத்திருக்கலாம் கண்ணு." அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது வாளையார் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நம்முடையதைப் போன்ற படலத்தில் சுற்றிய கோழித் துண்டுகளை அடுத்த மாதம் கடைக்கு அனுப்புகிறார்கள். லேபிளில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் நன்றாகச் சூடாக்காமல் உண்ண வேண்டாம்.' இன்று மதியம் முதலாளி அதன் மேல் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்தார். என் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது.

"ஏம்மா, திங்கற பாக்கெட்டுல ஆஸ்பத்திரிய எழுதிவெச்சா எவன் வாங்குவான்? அப்படிப்பட்டவங்க இதையெல்லாம் எதுக்கு வாங்கப்போறாங்க?"

"வாங்குவாங்க சார்" என்றேன். "ஆசையாக் கேப்பாங்க. பக்கத்துல இருக்கறவங்களும் ஒரு துண்டுதானன்னுவாங்க. அந்த வரி இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

அவர் தாளை மேசையில் வைத்தார். "உன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

ஆமென்று தலையசைத்தேன்.

"எழுத்தையாவது சின்னதாப் போடலாமா?"

"கண்ணாடி இல்லாமப் படிக்கற மாதிரி இருக்கணும் சார்."

"பேசாத புள்ளைன்னு நெனச்சுத்தான் வேலைக்கு எடுத்தேன்" என்று முணுமுணுத்தபடி கோட்டை அழித்தார். வரி நிற்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கையில் மகிழ்ச்சி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சிமெண்ட் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ அந்த வரியைப் படித்துவிட்டு, பசித்த ஒருவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பார்கள். பசித்தவர் தட்டை எடுத்தவரோடு பேசாமல் இருப்பார். பிறகு பேசிக்கொள்ள அவர்களுக்காவது நாள் கிடைக்கட்டும். நமக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன, வீணாக்கினோம். நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நீ என்னைத் திட்டியிருப்பாய். அந்தத் திட்டுக்காக நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.