கேசட்டில் அப்பா

14 ஆகஸ்டு 1986, வியாழன், செந்தூல்

அடுத்த மாதம் மெட்ராஸிலிருந்து எங்கள் மகளாக வரப்போகிற பிள்ளைக்கு எங்கள் குரல் முன்னாலேயே பழகவேண்டுமாம். வீட்டில் எல்லோரும் பேசி ஒரு கேசட் அனுப்பும்படி அவள் இருக்கும் அநாதை இல்லத்து சிஸ்டர் சொல்லியிருந்தார். மூன்று வயதுப் பிள்ளை. தூங்கும்முன் தினமும் போடுவார்களாம்.

சாயங்காலம் கேசட் ரேடியோவை மேசையில் வைத்துக் கூப்பிட்டேன். "வரட்டும், வந்தப்புறம் பேசிக்கலாம்," என்று மாமியார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து பட்டனை அமுக்கினேன். நாடா சும்மா ஓடியது. ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"பார்க்காத பிள்ளைகிட்ட என்னத்தப் பேசறது? நீயே பேசு லா."

எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதை மட்டும் அழித்துவிட்டு நானே பேசினேன். அம்மா என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. புதுக் கட்டில் வாங்கியிருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும், பயப்படாதே என்றேன். பதில் வராமல் எவ்வளவு நேரம்தான் பேசுவது?

போட்டுக் கேட்டேன். முதலில் அந்தச் செருமல், பிறகு முழுக்க நான்தான். செருமலை அழிக்க மனம் வரவில்லை. அதற்கு முன்னால் நாடா சும்மா ஓடிய இடத்தில் என் குரலைச் சேர்த்தேன்: "இப்போ அப்பா பேசுவாரு, கேளு."