ஜெயம்மாவின் டம்ளர்

திருத்தணி
ஆகஸ்ட் 1998

சௌபாக்யவதி காமேஸ்வரிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் உன் குழந்தை சாய்லக்ஷ்மியும் சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நாலு பேருக்குக் கொடுக்கிற மனசு குழந்தைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் ஆடிக் கிருத்திகைக்கு நம் தெருக்காரர்கள் போட்ட மோர்ப் பந்தலில் அவளை நிறுத்தினேன். காவடிக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், குழந்தையும் சளைக்காமல் எல்லோருக்கும் மோர் எடுத்துக் கொடுத்தாள். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஜெயம்மாவும் மகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் புடவையும் பால்குடமுமாக வந்தாள். அவளைப் பார்த்ததும் இரு இரு என்று சொல்லிவிட்டுக் குழந்தை கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை, மைக்கில் சொல்லச் சொன்னேன். பால்குடத்தோடு ஜெயம்மாவும் தேடினாள். கடைசியில் குழந்தை எங்கிருந்து வந்தாள் தெரியுமா? நம் வீட்டிலிருந்து. கையில், ஜெயம்மாவுக்குக் காபி கொடுக்கக் கொல்லைப்புற மாடத்தில் தனியாக வைத்திருக்கிறோமே, அந்த அலுமினிய டம்ளர். ஜெயம்மா, உன் டம்ளர் எடுத்துண்டு வந்துட்டேன், இதுல குடி என்று அத்தனை பேர் நடுவில் மூச்சு வாங்கச் சொல்கிறாள். பந்தலில் எல்லோரும் ஒரே டம்ளரில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள் காமு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜெயம்மா வாங்கிக் குடித்தாள். கொழந்தைய திட்டாதீங்க சாமி, அது பாத்துகினுதானே இருந்துச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு மலையேறிப் போய்விட்டாள். அப்புறம் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள், எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்மாவோ, போனால் போகட்டும் வேறு ஆள் பார்க்கலாம் என்கிறாள். எனக்கு அது கவலை இல்லை. தாத்தா, நான் நல்லதுதானே பண்ணினேன் என்று குழந்தை தினமும் கேட்கிறாள், அதற்குத்தான் பதில் தெரியவில்லை. ஆமாம் என்றால் அந்த டம்ளர் அவள் மனசிலேயே தங்கிவிடும். இல்லை என்றால் கொடுக்கிற கை சுருங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நாம் வாயால் சொல்லிக் கொடுத்தது ஒன்று, அவள் கண்ணால் கற்றுக்கொண்டது வேறாக இருக்கிறது.

நாளை குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஜெயம்மா வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கோயில் மடப்பள்ளி வேலைக்கு வந்த நாள் முதல் வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவன் இல்லை நான். வீடு தேடி வந்தவர்களுக்கு ஜெயம்மா குடிக்க ஏதாவது கொடுக்காமல் இருக்க மாட்டாள். அவள் நீட்டும்போது என் கை முன்னே போகுமா என்று எனக்கே சந்தேகம். குழந்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வெயிலில் அலையாதே, மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். தணிகை மலையான் உங்களைக் கைவிட மாட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா
தியாகேசன்

அம்மாவுக்குத் தனியாக எழுதும்போது டம்ளர் விஷயத்தைக் கிளப்பாதே. அதை நான் மாடத்திலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் அவள் கவனிக்கவில்லை. குழந்தை கவனித்துவிட்டாள்.